தொலைநிலை எம்.பி.ஏ. முடித்தும் பதவி உயரவில்லையா?

தொலைநிலையில் எம்.பி.ஏ. முடித்தும் பதவி உயரவில்லை, மீண்டும் முழுநேரமாக எம்.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். தொலைநிலைப் பட்டம் செல்லாது என்று மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியல்ல. நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருந்திருந்தால், பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. யு.ஜி.சி. இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கலாம். முழுநேரப் படிப்பின் பெரிய பலன் வளாக நேர்காணல். நிறுவனங்கள் தேடி வந்து ஆள் எடுக்கும். தொலைநிலையில் அந்தக் கதவு பெரும்பாலும் இல்லை. நாமே போய்த் தட்ட வேண்டும். ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டிலேயே இருக்கிறீர்கள். பட்டம் வந்தது, வேலை மாறவில்லை. கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் போன்ற பிரிவுகளுக்கு மாற்றம் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தீர்களா?

ஒரு சோதனை: நீங்கள் விரும்பும் பதவிக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் ‘முழுநேர எம்.பி.ஏ.’ என்று கேட்கிறார்கள் என எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் உங்கள் பட்டமே போதும், விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

ஆனால் ஆலோசனை நிறுவனம், முதலீட்டு வங்கி என்று துறையையே மாற்ற நினைத்தால் கதை வேறு. அப்போது அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகங்களின் (ஐ.ஐ.எம்.) ஓராண்டுப் படிப்புகளைப் பாருங்கள், அனுபவசாலிகளுக்கானவை. செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தோடு அந்த ஓராண்டுச் சம்பள இழப்பையும் கடன் வட்டியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.