மரக்கம்பம் நட்டுக் கட்டும் ஷெட்: கேள்விகளும் பதில்களும்

அடித்தளச் சுவர் கட்டாமல், மரக்கம்பங்களை மண்ணுக்குள் இறக்கி, அவற்றின்மேல் டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஏற்றி, பக்கவாட்டில் சட்டம் அடித்துத் தகடு போர்த்தும் கட்டடம் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். மண் பரிசோதனையும் உங்கள் ஊர்க் காற்று வேகமும் இல்லாமல் யாரும் கடைசி அளவு சொல்ல முடியாது. நான் தரும் எண்கள் வழி காட்டத்தான். கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் பொறியாளர்.

கேள்வி: பட்டறைக்கு 40 அடி அகலத்தில் ஷெட் போடறேன் சார். கம்பத்துக்குக் கம்பம் 10 அடி. எத்தனை அடி ஆழம் இறக்கணும்? 4 அடி போதும்னு தச்சர் சொல்றார்.

ஆழத்தை மட்டும் கேட்கிறீர்கள். அந்தக் குழிக்கு மூன்று வேலை இருக்கிறது: கம்பம் புதையக் கூடாது, சாயக் கூடாது, மேலே கிளம்பக் கூடாது. தச்சர் சொன்ன 4 அடி, சாயக் கூடாது என்ற இரண்டாவது வேலைக்கு மட்டுமான பதில், அதுவும் சுவர் உயரம் குறைவாகவும் மண் இறுக்கமாகவும் இருந்தால். மண் உறையும் குளிர்ப் பிரதேசமானால் குழியின் அடி உறைமட்டத்துக்குக் கீழே போயே ஆக வேண்டும்.

முதலில் புதைவதைப் பார்ப்போம். ஒரு கம்பத்தின் பங்குக்கு வரும் கூரை 20க்கு 10, அதாவது 200 சதுர அடி. கூரையின் சொந்த எடை, மேலே ஏறும் ஆள், பனி விழும் இடமானால் பனி, எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 15 கிலோ வையுங்கள். 3 டன் வருகிறது. 6 அங்குலச் சதுரக் கம்பத்தின் அடிப்பாகம் கால் சதுர அடிதான். வெறும் மண்ணில் நிறுத்தினால் சதுர அடிக்கு 12 டன் அழுத்தும். சுமாரான மண் தாங்குவது சதுர அடிக்கு 1 டன் சொச்சம். அதனால் குழியின் அடியில் 2 அடி விட்டத்தில், 10 அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் கான்கிரீட் வட்டு போட வேண்டும். பரப்பு 3.14 சதுர அடி. கணக்கு ஒட்டிப் போகிறது. குழியில் உதிர்ந்து கிடக்கும் மண்ணை வழித்தெடுத்துத் திமிசு போட்ட பிறகுதான் கான்கிரீட். அது இறுகிய பிறகுதான் கம்பம்.

அடுத்து எல்லோரும் மறப்பது. தகட்டுக் கூரையின் எடை சதுர அடிக்கு இரண்டரை கிலோ இருந்தால் 200 சதுர அடிக்கு 500 கிலோ. பலத்த காற்று கூரையைச் சதுர அடிக்கு 10 கிலோ வீதம் மேலே உறிஞ்சினால் 2 டன். கழித்துப் பாருங்கள், ஒவ்வொரு கம்பத்தையும் ஒன்றரை டன் பிடுங்கப் பார்க்கிறது. வழவழப்பான கம்பத்தை மண்ணில் செருகி வைத்தால் எது பிடிக்கும்? கம்பத்தின் அடியில் இரு பக்கமும் மருந்தேற்றிய (அழுகாமலிருக்க மருந்தை உள்ளே செலுத்திய) குறுக்குக் கட்டை போல்ட் செய்யுங்கள். இல்லையென்றால் கம்பத்தில் துளையிட்டுக் கம்பி செருகி, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் கழுத்து போடுங்கள். அதற்கு மேல் மண்ணைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். மேலே டிரஸ் உட்காருமிடத்திலும் இதே கதைதான்: கம்பத்தில் வெட்டிய தோளில் டிரஸ் உட்கார்ந்து, ஊடுருவிப் போகும் போல்ட்டால் இறுக வேண்டும். பக்கவாட்டில் அடித்த ஆணியை நம்பி டிரஸ்ஸைத் தொங்கவிடாதீர்கள். இந்த வகைக் கட்டடத்தில் கூரை சுமை தாங்குமா என்பதைவிடக் கூரை பறக்காமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கேள்வி: தகட்டுக்கு எந்த நிறம் நல்லது?

வெளிர் நிறம் வெயிலில் குறைவாகச் சுடும். மற்றது உங்கள் விருப்பம்.

கேள்வி: கம்பத்தைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றலாமா? மரம் அழுகிடும், ஜல்லி போடுன்னு மேஸ்திரி சொல்றார்.

கான்கிரீட் மரத்தை அழுக வைப்பதில்லை. அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும். 4 அடிக்குக் கீழே ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. தரைக்கு மேலே காற்று உண்டு, மரம் காய்ந்துவிடும். இரண்டும் கூடுமிடம் தரை மட்டத்திலிருந்து கீழே ஓர் அடி வரை. பழைய கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள், அந்த இடத்தில் இடுப்பு சிறுத்திருக்கும்; அடிநுனி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

ஆகவே கழுத்துக் கான்கிரீட்டைக் குழியின் அடியோடு நிறுத்துங்கள், தரை மட்டம் வரை கொண்டுவராதீர்கள். களிமண்ணில் தோண்டிய குழியை ஜல்லியால் நிரப்பினால் வடிகால் ஆகாது, கிணறு ஆகும். சுற்றியுள்ள களிமண் தண்ணீரை விடாது, ஜல்லிக்குள் வந்து தேங்கும். மணற்பாங்கான மண்ணில் ஜல்லி நல்லதுதான்.

மேஸ்திரி ஒருவர்: நான் வேலிக்கால் எத்தனை நட்டிருக்கேன் தெரியுமா தம்பி? கான்கிரீட்டில் வைச்சது எல்லாமே நாலஞ்சு வருஷத்தில் முறிஞ்சுது. ஜல்லியில் வைச்சது இன்னும் நிக்குது.

அண்ணே, நீங்கள் பார்த்தது பொய் இல்லை. ஆனால் வேலிக்காலுக்கு மேலே கூரை கிடையாது. மழை அதன் தலையிலிருந்து வழிந்து கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கும். மரம் காய்ந்து சுருங்கும்போது அங்கே ஒரு சந்து விழும், தண்ணீர் அங்கேயே நிற்கும். ஷெட்டின் கம்பம் தகட்டுக்கு உள்ளே நிற்கிறது. இன்னொன்று, அந்த வேலிக்கால்களுக்கு மருந்து ஏற்றியிருந்ததா? நடுவதற்கு முன் அடியை அறுத்தீர்களா?

மேஸ்திரி: மருந்து ஏத்தினதுதான். அளவுக்கு அறுத்துத்தான் நடுவோம், வேற எப்படி?

அங்கேதான் போயிற்று. அழுத்தத்தில் ஏற்றும் மருந்து மரத்தின் வெளிப்பகுதிக்குள்தான் நன்றாகப் போகும். நடுவிலுள்ள வைரம், அதாவது முற்றிய உள்மரம், அதைச் சரியாக உறிஞ்சாது. நீங்கள் அறுத்தவுடன் மருந்தில்லாத நடுப்பகுதி வெளியே தெரிகிறது, அதைக் கீழே வைத்து மண்ணில் புதைக்கிறீர்கள். ஆலையிலிருந்து வந்த முனை கீழே, அறுத்த முனை மேலே; இதை மாற்றவே கூடாது. அறுத்தே ஆக வேண்டிய இடத்தில் காப்பர் நாப்தனேட் என்ற செம்பு கலந்த மரக்காப்பு மருந்தைத் தூரிகையால் ஊற ஊறத் தடவுங்கள். மெல்லிய பலகைகளைத் தனித்தனியாக மருந்தேற்றி மூன்று நான்காகச் சேர்த்து அடித்த கம்பம் ஒற்றைக் கட்டையைவிட இந்த விஷயத்தில் மேல், ஏனென்றால் ஒவ்வொரு பலகைக்குள்ளும் மருந்து அதிகம் போகிறது.

இன்னொருவர்: எங்க இடம் சுத்தக் களிமண். ஜல்லி நிரப்பின குழியைத் தோண்டினேன், உள்ளே தண்ணி நின்னுது. மேஸ்திரி அண்ணன் மணல் பூமிக்காரரா இருப்பார்.

மேஸ்திரி: மணல் பூமிதான். அதுக்காக கான்கிரீட்டைத் தரை வரைக்கும் கொண்டுவந்து குழியா விட்டுடறானுங்களே, அது சரியா?

சரியே இல்லை, அதில் நீங்கள் சொல்வதுதான் சட்டம். மேல்பரப்பு கிண்ணம் மாதிரி இருந்தால் கம்பம் தண்ணீரிலேயே நிற்கும். ஏற்கெனவே அப்படி ஊற்றியவர்கள் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவு வருகிற மாதிரி மேலே பூசிவிடுங்கள். கட்டடத்தைச் சுற்றி மண்ணும் 10 அடி தூரத்துக்கு அரை அடி இறக்கம் கொடுத்துச் சரிய வேண்டும்.

கேள்வி: தார் பூசினா போதாதா?

போதாது. ஈரமான கட்டைமேல் தார் பூசினால் உள்ளிருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். மருந்தேற்றாத மரத்துக்குத் தார் காப்பு ஆகாது. மருந்தேற்றிய கம்பத்துக்குக் கூடுதல் காப்பு வேண்டுமென்றால் தரைக்கு மேல் வரை வரும் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

கேள்வி: 10 அடி சுவருக்கு பிளான் இருக்கு. லாரி நுழைய 14 அடி ஆக்கிக்கலாமா? அதே கம்பம், 4 அடி நீளமா வாங்கிக்கிறேன்.

கூடாது. சுவரில் அடிக்கும் காற்று கம்பத்தைத் தரை மட்டத்தில் வளைக்கிறது. உயரம் கூடினால் காற்று படும் பரப்பும் கூடுகிறது, நெம்பும் தூரமும் கூடுகிறது. ஆக வளைக்கும் சுமை உயரத்தின் இருமடிப்படி ஏறும். 10ன் இருமடி 100, 14ன் இருமடி 196. 4 அடி கூட்டியதற்குக் கம்பத்தை வளைக்கும் சுமை ஏறக்குறைய இரட்டிப்பு. கம்பத்தின் பருமன், குழி, போல்ட் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஐயா, 30 அடி ஷெட்டுக்கு எத்தனை அடி ஆழம்?

முதல் பதிலைப் படியுங்கள். 40க்குப் பதில் 30 போட்டு நீங்களே பெருக்கலாம்.

கேள்வி: டிராக்டர் நிறுத்த, மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் முழுசாத் திறந்து விடலாமா?

விடலாம், ஆனால் இதுதான் இருப்பதிலேயே கடினமான வடிவம். நாலு பக்கமும் மூடினால் காற்று பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வேலை செய்யும். நாலும் திறந்தால் உள்ளே வந்த காற்று அந்தப் பக்கமாகப் போய்விடும். மூன்றை மூடி ஒன்றைத் திறந்தால், காற்றுக்கு எதிரே விரித்த குடைதான். உள்ளிருந்து தள்ளும் அழுத்தமும் மேலிருந்து உறிஞ்சும் இழுப்பும் ஒரே நேரத்தில் கூரையைத் தூக்கும். அமெரிக்கக் காற்றுச் சுமை விதியில் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு உள்ளழுத்தக் குணகம் (உள்ளே புகுந்த காற்றின் தள்ளலைக் கணக்கிடப் பெருக்கும் எண்) 0.55, மூடியதற்கு 0.18. ஏறக்குறைய மூன்று மடங்கு. நான் மேலே போட்ட ஒன்றரை டன் உங்களுக்கு இன்னும் கூடும். அடிக்கடி காற்று வரும் திசைக்கு முதுகு காட்டுகிற மாதிரி திறந்த பக்கத்தை வையுங்கள்.

அதோடு, ஆணியும் திருகும் சரியாக அடித்த கூரைத் தகடு ஒரு விறைப்பான பலகையாக வேலை செய்து, பக்கவாட்டுக் காற்றை இரு கோடிச் சுவர்களுக்குக் கடத்துகிறது. அந்தச் சுவரில் தகட்டை வெட்டிப் பெரிய கதவு வைத்தீர்களானால், காற்றைத் தாங்க அங்கே எதுவும் மிஞ்சாது. கட்டி முடித்த பிறகு "இங்கே ஒரு கதவு" என்று கத்தரி எடுப்பவர்கள் கவனிக்க.

கேள்வி: கம்பத்தை மண்ணில் புதைக்காம, கான்கிரீட் மேடைமேல் இரும்பு பிடி வைச்சு நிறுத்தினா அழுகல் பிரச்சினையே இல்லையே?

அழுகல் இல்லை, உண்மை. ஆனால் சாதாரணப் பிடி ஒரு கீல் மாதிரிதான் நடந்துகொள்ளும், வளைவை எதிர்க்காது. மண்ணில் இறங்கிய கம்பம் தன் காலிலேயே ஓரளவு நிமிர்ந்து நிற்கும். பிடிமேல் நிற்கும் கம்பம் சுவர்த் தகட்டையும் குறுக்குச் சட்டங்களையும் நம்பித்தான் நிற்கும். மூடிய கட்டடத்துக்குச் சரி. நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்கு வேண்டாம்.

கேள்வி: காலையில் தகட்டுக்கு அடியில் தண்ணி சொட்டுது. ஓட்டையே இல்லை.

ஓட்டை இல்லை, உள்காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் படிகிறது. முகட்டிலும் இறவாணத்திலும் காற்றோட்டம் விடுங்கள். புதிதாகப் போடுபவர்கள் அடியில் பஞ்சுப்படலம் ஒட்டிய தகடு வாங்கலாம், அது இரவில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பகலில் காயவிடும். தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தீர்களா? இல்லையென்றால் மண்ணின் ஈரம் நாள்தோறும் மேலே வரும். புதுத் தரையும் பல வாரம் ஈரம் விடும்.

கேள்வி: மருந்துக் கம்பத்தில் அடிச்ச ஆணியெல்லாம் துருப்பிடிக்குது.

இப்போதைய மருந்துகளில் செம்பு அதிகம், ஈரம் பட்டால் சாதாரண இரும்பை அரிக்கும். பளபளவென்ற மெல்லிய முலாம் போதாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது அல்லது ஸ்டெயின்லெஸ். அலுமினியம் கலந்த பூச்சுள்ள தகட்டையும் அந்த மரத்தின்மேல் நேரடியாகப் படவிடாதீர்கள், நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள்.

கேள்வி: ஆட்டுக்கொட்டகைக்கும் அதே தகடு போடலாமா?

அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகட்டை மூடிய கொட்டகையில் போடாதீர்கள். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா அதை அரிக்கும். கொட்டகையை நன்றாகத் திறந்து விடுங்கள்.

கேள்வி: டிரஸ் ஏத்துற அன்னிக்கு எத்தனை ஆள் வேணும்?

ஆளைவிட முக்கியம் தற்காலிகச் சாய்வுக்கட்டை. முதல் டிரஸ்ஸைத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். இரண்டாவதை முதலாவதோடு, மூன்றாவதை இரண்டாவதோடு, ஏற்றிய உடனேயே. "சாப்பிட்டு வந்து கட்டலாம்" என்றால் ஒரு காற்றில் வரிசையாக மடங்கும், கீழே ஆள் இருப்பார்கள். எல்லாம் ஏறிய பிறகும் கீழ்ச்சட்டத்துக்கு நிரந்தரக் குறுக்குப் பிடியும் மூலைவிட்டமும் வேண்டும். பரண் போடுவதற்காக டிரஸ்ஸின் நடுச்சட்டத்தை அறுப்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

கேள்வி: கருங்கல் பூமி. ஆழம் எவ்வளவு போடலாம்?

ஆழம், ஆழம், ஆழம். பாறையில் 2 அடியில் நின்றுவிட்டால் பாறையே தாங்கும், சுமைக்குக் கவலையில்லை. பிடுங்குவதற்குத்தான் கவலை. பாறையில் துளை போட்டு நங்கூரக் கம்பி இறக்கி, அதைக் கழுத்துக் கான்கிரீட்டோடு சேர்த்து ஊற்றச் சொல்லி உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: 12 அடி உயரக் கதவு வேணும். இறவாணம் 12 அடி வைச்சா சரியா?

சரிவராது. கதவுக்கு மேலே உத்தரம் வேண்டும், சுருள் கதவானால் சுருளுக்கும் தண்டவாளத்துக்கும் இடம் வேண்டும், டிரஸ்ஸின் கீழ்ச்சட்டம் வேறு கீழே வந்து நிற்கும். 14 அடிக்குக் குறையாமல் வையுங்கள். கதவு கோடிச் சுவரிலா, நீளச் சுவரிலா? நீளச் சுவரில் என்றால் அங்கே ஒரு கம்பத்தை எடுத்துவிட வேண்டிவரும், முதல் பதிலின் கணக்குப்படி அதன் 200 சதுர அடிக் கூரையையும் உத்தரம் சுமக்க வேண்டும், பக்கத்துக் கம்பங்களுக்கான கான்கிரீட் வட்டும் பெரிதாகும். கதவின் அகலமும் டிரஸ் வரைபடமும் போடுங்கள், உத்தரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.