வெளியூர்த் தூக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தூக்கம் பற்றிய கேள்விகளும் கூடவே வரத் தொடங்கிவிடும். லாட்ஜ், பஸ், கோயில் கொடை விழா என்று வீட்டுக்கு வெளியே ராத்திரியைக் கழிப்பவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நான் தூக்க மருத்துவம் பார்ப்பவன். லாட்ஜ் நடத்தியவன் அல்ல. ஆனாலும் லாட்ஜ் கட்டப்போகிறவருக்குத்தான் பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: மாதத்தில் பாதி நாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை, தென்காசி லாட்ஜ்களில் தங்கும் மெடிக்கல் ரெப் நான். ஏசி, மெத்தை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ராத்திரி தூக்கம் பிடிப்பதே இல்லை. மறுநாள் சரியாகிவிடுகிறது. ஏதாவது மனப்பிரச்சினையா?

இல்லை. தூக்க ஆய்வுக்கூடங்களில் இதை 1960-களிலேயே கவனித்துவிட்டார்கள். அங்கே படுக்க வருபவரின் முதல் ராத்திரிப் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பழைய வழக்கம். 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி குழுவினர் இதை மூளைப் பதிவில் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடப்பாதி வலப்பாதி அளவுக்கு அசந்துபோவதில்லை. பழகாத சத்தம் கேட்டால் சட்டென்று உஷாராகிறது. ஒரு பாதி தூங்குகிறது, மறுபாதி காவல் காக்கிறது.

ஆகவே காவலுக்கு வேலையைக் குறையுங்கள். ஒரே லாட்ஜ், முடிந்தால் அதே அறை. லிஃப்ட், மாடிப்படி பக்கம் வேண்டாம் என்று ரிசப்ஷனிலேயே சொல்லிவிடுங்கள். தலையணை உறையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பழகிய வாசனைக்கும் பலன் உண்டு. மின்விசிறி ஓடட்டும், அந்த ஒரே சீரான இரைச்சல் மற்ற சத்தங்களை மூடிவிடும். 'ஒரு பெக்' யோசனை மட்டும் வேண்டாம். சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

கேள்வி: சென்னையிலிருந்து வரும் பஸ்ஸை நடுராத்திரி ஒரு மோட்டலில் நிறுத்துகிறார்கள். பரோட்டா, சால்னா, டீ என்று முடித்துவிட்டு ஏறினால் நெஞ்சு எரிகிறது, தூக்கமும் போய்விடுகிறது.

அங்கே சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் படுத்தால் அமிலம் மேலே ஏறும். டீயில் உள்ள காபீன் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதற்குள் வண்டி திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டை நெருங்கிவிடும். கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். மோட்டலில் இறங்கி நாலு எட்டு நடந்து, பாத்ரூம் போய்விட்டு ஏறுங்கள். பசி தாங்காவிட்டால் இரண்டு இட்லி போதும். (அங்கே இட்லி விற்கிற விலைக்கு அதுவும் வேண்டாமென்று தோன்றும்; அது வேறு பிரச்சினை.) ஸ்லீப்பர் என்றால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

கேள்வி: நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையை ஒட்டி எங்களுக்கு இடம் இருக்கிறது. கன்னியாகுமரி போகிறவர்களுக்காக லாட்ஜ் கட்டுகிறோம். ஒவ்வொரு அறை வாசலிலும் கார் நிற்கிற மாதிரி, அமெரிக்க மோட்டல் பாணியில் இன்ஜினியர் பிளான் போட்டிருக்கிறார். தூங்குகிறவருக்கு இது வசதியா?

அந்தப் பாணி 1925-ல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் தொடங்கியது. ஆர்தர் ஹைனமன் என்ற கட்டடக்கலைஞர், லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவழியில், காரில் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப்போகக் கட்டினார். வியாபாரத்துக்கு அருமையான யோசனை. தூக்கத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். சூரிய உதயம் பார்க்க விடிகாலை 4 மணிக்குக் கிளம்பும் ஒரு குடும்பம் டிக்கியை அடித்து மூடுகிற சத்தத்தில் பக்கத்து நாலு அறையும் எழுந்துவிடும். அதனால் அண்ணாச்சி, கார்களை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். படுக்கையறை ஜன்னல் வயல் பக்கம் திரும்பட்டும். குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் எல்லாம் சாலைப் பக்கம் வந்தால் லாரிச் சத்தத்தை அவை வாங்கிக்கொள்ளும்.

எல்லாரும் மெத்தையில் காசைக் கொட்டுகிறார்கள். நான் கதவில் செலவழிக்கச் சொல்வேன். உள்ளே கூடாக இருக்கிற கதவு வேண்டாம், கனமான கதவு போடுங்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து இருந்தால் காரிடார் பேச்சு, டியூப்லைட் வெளிச்சம், கொசு மூன்றும் உள்ளே வரும். ஒரு ரப்பர் பட்டை போதும். திரைச்சீலை ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் சுவரில் ஒரு சாண் தொங்க வேண்டும். படுத்தபடியே எல்லா விளக்கையும் அணைக்கிற மாதிரி சுவிட்ச். ஜெனரேட்டர் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. அப்புறம், காலை 6 மணிக்கு 'காப்பி வேணுமா சார்' என்று பெல் அடிக்கும் பழக்கத்தை ரூம் பாய் மறந்துவிட வேண்டும்.

இன்னொன்று. ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குக் கழிப்பறை, குளியலறையோடு தங்கும் கூடம் வேண்டும், 8 கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கை என்று 2023-ல் தமிழ்நாட்டுக் கட்டட விதியைத் திருத்தினார்கள். அதை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் முடித்துவிடாதீர்கள். உங்கள் லாட்ஜில் யார் நன்றாகத் தூங்கியே ஆக வேண்டும் என்று கேட்டால், டிரைவர்தான் என்பேன். அடுத்த கேள்வியைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன், அம்பாசமுத்திரம். பார்ட்டி ரூமுக்குப் போனதும் நான் வண்டியிலேயே ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுப்பேன். திரும்பும்போது விடிகாலையில் கண் சொக்குகிறது.

முதலில் அந்த ஏசியை நிறுத்துங்கள். இன்ஜினை ஓடவிட்டு மூடிய காரில் தூங்கினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்.

விடிகாலை 2-லிருந்து 5 வரை உடம்பின் கடிகாரமே தூங்கச் சொல்கிற நேரம். முகம் கழுவுவதும் பாட்டை அலறவிடுவதும் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி கண் மூடினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாக ஓடியிருக்கும். கயத்தாறு தாண்டியது ஞாபகம் இருக்கிறது, கங்கைகொண்டான் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றால் உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு அப்படியே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது காபீனும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இதுவும் தற்காலிகம்தான். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 9 மணி நேரம் ஓய்வு என்று 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பார்ட்டியிடம் டிரிப் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

கேள்வி: வில்லுப்பாட்டு பாடுகிறேன். கொடை சீசனில், நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடை முடிந்து வீடு வர விடிந்துவிடும். பகலில் படுத்தால் இரண்டு மணி நேரத்தில் விழிப்பு. தொண்டையும் கம்முகிறது.

வேனில் வரும்போது முகத்தில் அடிக்கிற காலை வெயில்தான் முதல் எதிரி. 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று அது மூளைக்குச் சொல்லிவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போடுங்கள், கூச்சமாக இருந்தால் துண்டால் முக்காடு. வீட்டில் இருட்டான அறை, போன் அணைந்திருக்கட்டும். ஒரே நீட்டாக ஏழு மணி நேரம் வராது. காலையில் நாலு, சாயங்காலம் கிளம்பும் முன் ஒன்றரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாயங்காலத் தூக்கத்தை மட்டும் விடாதீர்கள், பாட்டில் வரி மறக்காமல் காப்பாற்றுவது அதுதான்.

குரலுக்கு: பாடி முடித்ததும் கமிட்டிக்காரர்கள் போடும் கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு உடனே படுப்பது தொண்டைக்கு ஆகாது, அமிலம் அங்கே வரைக்கும் ஏறும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். செருமாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: குற்றாலத்தில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்தோம். என் வீட்டுக்காரர் குறட்டையில் யாரும் தூங்கவில்லை. நடுவே மூச்சே நின்று, பிறகு 'ஹா'வென்று இழுக்கிறார் என்றாள் தம்பி மனைவி. ஐந்தருவியில் குளித்தால் குறட்டை போய்விடும் என்கிறார் இவர்.

குளித்தால் குளித்த சுகம் கிடைக்கும். தம்பி மனைவி கவனித்ததுதான் முக்கியம், அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்கிறாரா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூக்கில் காற்று செலுத்தும் கருவி கொடுத்தால் லாட்ஜுக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு. கட்டில் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: மாமனாருக்கு முதுகுவலி. மெத்தையை எடுத்துவிட்டுப் பத்தமடைப் பாயில் படுக்க வைக்கலாமா?

பத்தமடைக் கோரைப்பாய் வியர்வைக்கும் நம் ஊர் வெக்கைக்கும் அருமையானது. முதுகுவலிக்கு மருந்தல்ல. 2003-ல் ஸ்பெயினில் செய்த ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்குக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தர மெத்தையே நன்றாகப் பலன் தந்தது. தரையிலிருந்து எழுவது முட்டிக்கும் பாடு. கட்டிலில் மெத்தை இருக்கட்டும், அதன் மேல் பாயை விரித்துக் கொடுங்கள். கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்த பட்டுப்பாயை எடுத்து விரித்துவிடாதீர்கள், மாமியார் கோபித்துக்கொள்வார்.