வீட்டோடு முடங்கிய முதியவர் என்று யாரைச் சொல்கிறார்கள்? அதை எப்படி அளவிடுகிறார்கள்?

அமெரிக்காவில் முதியவர்களின் வீட்டிற்கே சென்று கவனிக்கும் செவிலியர் சேவையில் பணிபுரிகிறேன். ஒரே முதியவர் ஒரு வரையறையின்படி முடங்கியவராகவும் இன்னொன்றின்படி முடங்காதவராகவும் இருக்கக்கூடும். ஏனெனில் ஒவ்வொரு வரையறையும் வெவ்வேறு தேவைக்காக உருவானது.

முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் வரையறை, செலவை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கானது. நோயினாலோ காயத்தினாலோ, ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்ற சாதனமோ பிறர் உதவியோ இன்றி ஒருவரால் வெளியே செல்ல முடியாதிருக்க வேண்டும், அல்லது வெளியே செல்வது அவர் உடல்நிலைக்கு ஆகாது என்றிருக்க வேண்டும். அதோடு, வெளியே செல்வது வழக்கமாக இயலாததாகவும், சென்றால் பெரும் சிரமம் தருவதாகவும் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கும் வழிபாட்டுக்கும், எப்போதாவது முடிவெட்டிக்கொள்ளவும் போய் வந்தால் தகுதி போகாது. "பெரும் சிரமம்" எவ்வளவு என்பதற்கு எண் எதுவும் இல்லாததால், அதைப் பதிவேட்டில் விவரித்து எழுதுவதே எங்களுக்குப் பெரும்பாடு.

ஆய்வாளர்கள் எளிதான வழியைப் பிடித்தார்கள்: கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை வெளியே போனீர்கள்? ஒருமுறையும் போகாதவர் முழுமையாக முடங்கியவர். வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ போனவர் பெரும்பாலும் முடங்கியவர். அதைவிட அடிக்கடி போனாலும், துணையின்றிப் போக இயலாதவரும் தனியே போகச் சிரமப்படுபவரும் பாதி முடங்கியவர். 2011ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பை இவ்வாறு பகுத்தபோது, முதியோர் இல்லங்களில் அல்லாது வெளியே வாழும் 65 வயதைக் கடந்த மெடிகேர் பயனாளிகளில் முதல் இரு வகையினர் மட்டும் 5.6 சதவீதம், ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளுடன் அமெரிக்கப் புறநகரில் வசிக்கும் நம்மூர்ப் பெற்றோர் பலருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பக்கத்தில் பேருந்தும் இருக்காது. நன்றாக நடக்கக்கூடிய ஒருவர் பனிக்காலத்தில் ஒரு மாதம் வாசலைத் தாண்டாமல் இருந்தால், ஆய்வுக் கணக்கில் அவர் முடங்கியவர். மெடிகேருக்கு அவர் எந்த விதத்திலும் முடங்கியவர் அல்லர். கொரோனா ஆண்டான 2020இல், 70 வயதைக் கடந்தவர்களிடையே முதல் இரு வகையினரின் விகிதம் 13 சதவீதமாக உயர்ந்ததற்கும் உடல் தளர்ச்சி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் உருவான வாழ்வெளி மதிப்பீடு இதைவிட நுட்பமானது. படுக்கையறைக்கு வெளியே, வீட்டு முற்றம், அக்கம்பக்கம், ஊர், ஊருக்கு அப்பால் என ஐந்து நிலைகளில், நான்கு வாரங்களில் எங்கே, எவ்வளவு அடிக்கடி, யார் அல்லது எதன் உதவியோடு போனார் என்று கேட்டு 0 முதல் 120 வரை மதிப்பெண் தருகிறார்கள். 60க்குக் கீழே இருந்தால் வாழ்வெளி சுருங்கிவிட்டதாகப் பல ஆய்வுகள் கொள்கின்றன. என் கணிப்பில் இதுவே சிறந்த கருவி. ஆனால் நினைவு தடுமாறுகிறவரிடம் இத்தனை கேள்விகள் கேட்பது கடினம்.

ஜப்பானில் 2006 முதல் பயன்படும் 25 கேள்விகள் கொண்ட பட்டியலில், வாரம் ஒருமுறையாவது வெளியே போகிறீர்களா என்பதை அடுத்து, போன ஆண்டைவிட வெளியே போவது குறைந்திருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றாலும், யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானிக்க அந்தக் கேள்வியையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.