சிறிய தொட்டி பிக்கப்பும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரும்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், படுக்கையறையும் சமையலறையும் கொண்ட பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர விரும்பும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றில் பல, நீளம் குறைந்த பின்தொட்டியுள்ள பிக்கப் வண்டியால் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை இழுக்கலாமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருவதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் முக்கால் டன் பிக்கப்பின் பின்தொட்டி ஆறே முக்கால் அடி நீளமுள்ளது. 8 அடி அகலமுள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருக்கிறோம். திரும்பும்போது டிரெய்லரின் மூலை எங்கள் பின் கண்ணாடியை உடைத்துவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். அப்படியெல்லாம் நடக்காது என்று விற்பவர் சொல்கிறார். யார் சொல்வது சரி? – வாசகர், டல்லாஸ்

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனால் நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம். சாதாரண டிரெய்லர் பிக்கப்பின் பின்பக்கக் கொக்கியில் மாட்டப்படுகிறது. ஃபிஃப்த் வீலோ தொட்டிக்குள்ளே, பின்னச்சுக்கு நேர் மேலே அல்லது ஓரிரு அங்குலம் முன்னே பொருத்தப்பட்ட ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியின்மீது அமர்கிறது. டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் 2 அங்குல விட்டமுள்ள கிங்பின் என்னும் எஃகு முளையை ஹிட்ச்சின் தாடைகள் கவ்விக்கொள்கின்றன. குதிரை வண்டிகளின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் கிடையாகப் பதித்திருந்த வட்ட இரும்பைத்தான் ஃபிஃப்த் வீல், அதாவது ஐந்தாவது சக்கரம் என்று முதலில் அழைத்தார்கள். நம் துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் இழுக்கும் லாரிகளிலும் இருப்பது அதே ஏற்பாடுதான்.

நீங்கள் எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று. முதலாவது, ஹிட்ச் தாடையின் நடுவிலிருந்து ஓட்டுநர் அறையின் பின்சுவர் வரை உள்ள தூரம். உங்களுடையது போன்ற வண்டியில் இது சுமார் 40 அங்குலம் இருக்கும், 8 அடித் தொட்டியுள்ள வண்டியிலோ 55 அங்குலத்தைத் தாண்டும். இரண்டாவது, டிரெய்லரின் அகலத்தில் பாதி. உங்கள் கணக்கில் 48 அங்குலம். மூன்றாவது, டிரெய்லரின் முன்மூலை கிங்பின்னைக் கடந்து எவ்வளவு முன்னே நீண்டிருக்கிறது என்பது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் அளக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மூலை 12 அங்குலம் முன்னே நீண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கின்படி, கிங்பின்னிலிருந்து அந்த மூலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 49.5 அங்குலம் ஆகிறது. உங்களிடம் இருப்பதோ 40 அங்குலம். ஆகவே பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் 40 டிகிரியை எட்டும்போதே மூலை ஓட்டுநர் அறையைத் தொட்டுவிடும். நேர்செங்கோணத்தில்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த அளவுகளில் மூலை மிக முன்னே வருவது 76 டிகிரியில். மூலைகளை வளைத்தோ உள்வாங்கியோ வடிவமைத்த டிரெய்லர்களில் இந்த நீட்சி குறையும், அதனால் விளம்பரத்தில் சிறிய தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதில் பொய் இல்லை. ஆனால் எந்தச் சிறிய தொட்டிக்கு, எத்தனை அங்குலத்துக்கு என்பது அங்கே இராது.

விற்பவரும் முழுப்பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலை வளைவுகளில் இந்தக் கோணம் மிகச் சிறியது, அங்கே ஒன்றும் நடக்காது. முகாம் மைதானத்தில் மாலை மங்கிய நேரத்தில், இரு மரங்களுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தும்போதுதான் கண்ணாடி உடைகிறது. தரை சமமாக இல்லாமல் பிக்கப்பின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் டிரெய்லரின் மேல்பகுதி இன்னும் நெருங்கிவரும் என்பதால், கணக்குக்கு மேல் 4 அங்குலமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அறையை ஒட்டி கருவிப்பெட்டியோ கூடுதல் டீசல் தொட்டியோ வைத்திருந்தால், அதன் உயரத்தையும் டிரெய்லர் மூக்கின் அடிப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிரெய்லரின் மூலை இடிக்காதபடி பின்னே நகரக்கூடிய ஸ்லைடர் ஹிட்ச்சில், கையால் நகர்த்துவது போதுமா, தானாக நகர்வதை வாங்க வேண்டுமா? இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. – வாசகர், அட்லாண்டா

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும், பழகிய இடங்களுக்குப் போகிறவர் என்றால் கையால் நகர்த்துவதே போதும். நெருக்கமான இடத்துக்குள் நுழையுமுன் வண்டியை நேர்கோட்டில் நிறுத்தி, டிரெய்லரின் பிரேக்கைப் போட்டு அல்லது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிடியை இழுத்துப் பூட்டை விடுவித்து, பிக்கப்பை மெதுவாக முன்னே நகர்த்தினால் ஹிட்ச்சின் தலை தன் தண்டவாளத்தில் 10 முதல் 14 அங்குலம் வரை பின்வாங்கிப் பூட்டிக்கொள்ளும். நிறுத்தும் வேலை முடிந்து மீண்டும் சாலைக்குப் போகுமுன் இதே வேலையைத் தலைகீழாகச் செய்து, தலையை அச்சுக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். பின்வாங்கிய நிலையிலேயே நெடுஞ்சாலையில் ஓட்டினால் சுமை பின்னச்சுக்குப் பின்னே விழுந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும்.

12 அங்குலம் நகரும் ஸ்லைடரை முதல் வாசகரின் வண்டியில் பொருத்தினால் 40 என்பது 52 ஆகிறது, 49.5 அங்குல மூலைக்கு இரண்டரை அங்குலமே மிஞ்சுகிறது, நான் சொன்ன நான்கு கூட இல்லை. அதே இடத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அகலமான எட்டரை அடி டிரெய்லர் வந்தால் மூலையின் தூரம் 52.4 ஆகி, ஸ்லைடர் இருந்தும் தொட்டுவிடும். ஆகவே ஸ்லைடர் இருக்கிறதா என்பதோடு அது எத்தனை அங்குலம் நகர்கிறது என்றும் கேட்டு வாங்குங்கள்.

கையால் நகர்த்துவதில் உள்ள உண்மையான குறை, மறதிதான். பின்னால் மூன்று வண்டிகள் காத்திருக்க, மழை தூறிக்கொண்டிருக்க, இறங்கிப் போய்க் கைப்பிடியை இழுக்க வேண்டும் என்பது ஒரு நாள் நினைவுக்கு வராமல் போகும். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது; கண்ணாடி தப்பித்தது, அதன் மேலே இருந்த பிரேக் விளக்குத் தப்பிக்கவில்லை. தானியங்கி ஸ்லைடரில் கிங்பின்னைச் சுற்றி ஒரு பிடிதட்டு பொருத்தப்படுவதால், டிரெய்லர் திரும்பும் அளவுக்கு ஏற்ப ஹிட்ச்சின் தலை தானே பின்னே போய், நேரானதும் தானே முன்னே வந்துவிடும். அது கனமானது, ஆகையால் சுமைக் கணக்கில் அதன் எடையையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கிங்பின்னைத் தாங்கி டிரெய்லரின் முன்னே நிற்கும் ‘பின் பாக்ஸ்’ (pin box) என்னும் பகுதியையே மாற்றி, கிங்பின் ஹிட்ச்சில் அசையாமல் ஆப்பு வைத்ததுபோல நிற்க, திரும்பும் புள்ளி மட்டும் சுமார் 20 அங்குலம் பின்தள்ளி அமையுமாறு செய்யும் வகை அது. இறங்கவே வேண்டியதில்லை, தொட்டியில் தண்டவாளமும் இல்லை. ஆனால் அந்த ஆப்பு எல்லா ஹிட்ச்சுக்கும் பொருந்தாது என்பதாலும், பின் பாக்ஸை மாற்றினால் டிரெய்லர் சட்டத்தின் உத்தரவாதம் நீடிக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதாலும், இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

எங்கள் பிக்கப் 14,000 பவுண்டு இழுக்கும் என்று கையேட்டில் உள்ளது. நாங்கள் பார்த்திருக்கும் டிரெய்லரின் உச்ச எடை 12,000 பவுண்டுதான். அப்படியிருக்க எடையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? – வாசகர், ஹூஸ்டன்

கண்ணாடியைப் பற்றி நூறு பேர் கேட்கும்போது எடையைப் பற்றிக் கேட்பவர் ஒருவர்தான், கேட்டதற்கு நன்றி. இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தில் இறங்கும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் முன்பாரமாகவே வடிவமைக்கப்பட்டது. அதன் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காடு கிங்பின் வழியாகப் பிக்கப்பின்மீது இறங்குகிறது. அந்த முன்பாரம் இருப்பதால்தான் அது காற்றிலும் வளைவிலும் ஆடாமல் வருகிறது.

இப்போது கணக்கைப் போடுங்கள். 12,000 பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு 2,400. ஹிட்ச்சின் எடை 200. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று 550. தொட்டியில் வைக்கும் கருவிகளும் விறகும் 150. மொத்தம் 3,300 பவுண்டு. பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் தெரியும். ஓட்டுநரான உங்கள் எடையும் அந்த எண்ணுக்குள்தான் வர வேண்டும். முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று வைக்கப்பட்டிருப்பதால், கனமான டீசல் எஞ்சினும் நான்கு கதவுகளும் தோல் இருக்கைகளும் சேரச் சேர, எஞ்சும் சுமைத்திறன் 2,500க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. முக்கால் டன், ஒரு டன் என்பவை வண்டியின் சுமைத்திறனைக் குறித்த பழைய காலத்துப் பெயர்கள். அவற்றை வைத்து இன்று எதையும் கணக்கிட முடியாது.

சிற்றேட்டில் காணும் கிங்பின் எடை காலி டிரெய்லருடையது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு என்பதால் 50 கேலன் நிரப்பினாலே 415 பவுண்டு கூடுகிறது, அந்தத் தண்ணீர்த் தொட்டி டிரெய்லரின் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்து கிங்பின்மீது இறங்குவதும் மாறுகிறது. எனவே பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் ஏற்றிய பிறகு, லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் உள்ள எடைமேடையில் டிரெய்லரோடு ஒரு முறையும், பிக்கப்பை மட்டும் தனியாக ஒரு முறையும் நிறுத்துங்கள். பிக்கப்பின் இரண்டு அச்சுகளிலும் முதல் முறை விழுந்த எடையிலிருந்து இரண்டாவது முறை விழுந்ததைக் கழித்தால் வருவதுதான் உண்மையான கிங்பின் எடை. பின்னச்சில் விழுவது, அதே கதவில் அந்த அச்சுக்கு எழுதியுள்ள வரம்புக்கும் டயர்களின் வரம்புக்கும் உள்ளே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பின் சஸ்பென்ஷனில் சுமை தாங்கும் காற்றுப்பை பொருத்தினால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும். கதவில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட உயராது.

என்னுடையது ஐந்தரை அடித் தொட்டியுள்ள அரை டன் வண்டி. சிறிய ஃபிஃப்த் வீல் ஏதாவது சரிவருமா? – வாசகர், சார்லட்

ஐந்தரை அடித் தொட்டிக்கென்றே செய்த ஹிட்ச்சுகள் கிடைக்கின்றன, மூலைச் சிக்கலை அவை தீர்த்துவிடும். ஆனால் அத்தகைய வண்டிகளில் பலவற்றின் சுமைத்திறன் 1,500 முதல் 2,000 பவுண்டுக்குள் நிற்பதால், 7,500 பவுண்டு டிரெய்லர் ஒன்று 1,500ஐ இறக்கியதுமே உங்கள் குடும்பம் வீட்டில் தங்க வேண்டியதாகிவிடும். பின்கொக்கியில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டை மட்டுமே வண்டிமீது வைக்கும், அதை வாங்குங்கள்.

முதல் முறை மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, ஃபீனிக்ஸ்

பின்னோக்கி வருமுன் தொட்டியின் பின்கதவைத் திறந்து தாழ்த்துங்கள். தொடக்கத்தில் பலரும் அதைத்தான் நசுக்குகிறார்கள். டிரெய்லரின் அடித்தட்டு ஹிட்ச்சின் தட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தால், ஹிட்ச் அதைச் சற்றே தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும். உயரமாக இருந்தால் தாடை கிங்பின்னின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மூடியதுபோலக் காட்டும், கிளம்பியதும் டிரெய்லர் தொட்டியின் விளிம்பில் விழும். எனவே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, இரண்டு தட்டுகளுக்கும் இடையே வெளிச்சம் தெரியவில்லை என்பதையும், தாடை கிங்பின்னின் பின்னே முழுதாக மூடியிருக்கிறது என்பதையும் கண்ணால் உறுதிசெய்யுங்கள். மின்கம்பியை இணைத்தபின், டிரெய்லர் கழன்றால் பிரேக்கைப் போடும் கம்பியைப் பிக்கப்பின் உடலில் மாட்டுங்கள். ஹிட்ச்சில் மாட்டினால், ஹிட்ச்சே பெயர்ந்து வரும் நாளில் அது பயன்படாது. டிரெய்லரின் கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே ஓட்டுநர் அறையிலுள்ள கைவிசையால் அதன் பிரேக்கை மட்டும் பிடித்து, பிக்கப்பை மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் கால்களை மடக்கலாம்.

டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் தொட்டியின் பக்கச்சுவர் விளிம்புக்கும் இடையே ஆறு அங்குலமாவது இருக்கட்டும். சரிவான நுழைவாயிலில் குறுக்காக ஏறும்போது அந்த இடைவெளி எப்படிக் கரைகிறது என்று பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இதற்குத் தனி உரிமம் வேண்டுமா? – வாசகர், ஃப்ரீமான்ட்

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டி 15,000 வரை உள்ள ஃபிஃப்த் வீலைச் சொந்தப் பயன்பாட்டுக்கு இழுக்க, சாதாரண உரிமத்தோடு எழுத்துத் தேர்வு எழுதிக் கூடுதல் அனுமதி பெற வேண்டும். 15,000க்கு மேல் வணிகமல்லாத ஏ வகை உரிமம் வேண்டும். டெக்சாஸில் பிக்கப், டிரெய்லர் இரண்டின் எடை வரம்புகளையும் கூட்டினால் 26,000 பவுண்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆகவே மேலே எழுதியிருக்கும் ஹூஸ்டன் வாசகரின் பிக்கப் 10,000 பவுண்டு வரம்புடையது என்றால் 22,000தான் வருகிறது, அவருக்கு இருக்கும் உரிமமே போதும். அவர் எப்போதாவது யோசெமிட்டி பக்கம் வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் கலிஃபோர்னியாவில் வேக வரம்பு மணிக்கு 55 மைல்.