டிராஃப்டில் மகன் பெயர் வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு வரும் நவம்பரில் 16 வயது. ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். ஒன்ராறியோ ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லின் அணிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் இந்த வருட டிராஃப்டைக் கடைசிச் சுற்று வரைக்கும் குடும்பமாக இருந்து பார்த்தோம். அவனோடு ஒரே லைனில், மூவராகச் சேர்ந்து விளையாடிய மற்ற இரண்டு பிள்ளைகளின் பெயர் வந்தது. அவன் பெயர் வரவில்லை. 'ஆள் சின்னன்' என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து ஹொக்கிப் பை கராஜில் கிடக்கிறது, எங்களோடு சரியாகக் கதைப்பதும் இல்லை. கணவர் இரவு வேலை செய்து சேர்த்த காசு எல்லாம் இதில்தான் போனது. சொந்தக்காரர்கள் 'அப்பவே படிக்க விட்டிருக்கலாம்' என்கிறார்கள். இந்த அணிகள் எதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை எடுக்கின்றன? இனி அவனை விளையாட விடுவதா, நிறுத்துவதா?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

20 அணிகள், 15 சுற்று. ஏறக்குறைய முந்நூறு பெயர்கள். அத்தனையும் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் மகனோடு நானும் ஒரு வருடம் அப்படி இருந்திருக்கிறேன். ஒன்பதாம் சுற்றுக்குப் பிறகு அவன் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அணிகள் எதைப் பார்த்து எடுக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா அணிகளையும் பற்றிச் சொல்லிக் குழப்பாமல் ஒரே ஒரு அணியைப் பற்றிச் சொல்கிறேன். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் விளையாடும் டாம்பா பே லைட்னிங். 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அந்த லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய அணி. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகன் இன்று நிற்கிற அதே இடத்தில் நின்ற ஒரு பையன் அந்த இரண்டு கோப்பைகளிலும் விளையாடியிருக்கிறான்.

அவன் பெயர் அந்தோணி சிரெல்லி. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், வுட்பிரிட்ஜில் வளர்ந்தவன். ஓ.எச்.எல். டிராஃப்டில் அவனையும் யாரும் எடுக்கவில்லை. 15 சுற்றிலும் ஒருவரும் பெயர் சொல்லவில்லை. 2014இல் ஓ.எச்.எல்.லின் ஒஷாவா ஜெனரல்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய், விளையாடிக் காட்டி, அணியில் இடம் பிடித்தான். அடுத்த வருடம் மே மாதம் கனடிய ஜூனியர் அணிகளுக்கான மெமோரியல் கோப்பை இறுதி ஆட்டத்தில் கெலோனா அணியை ஒஷாவா 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் அவன் போட்டதுதான், இரண்டாவது கோல் கூடுதல் நேரமான ஓவர்டைமில். அடுத்த மாதமே டாம்பா பே அவனை என்.எச்.எல். டிராஃப்டின் மூன்றாம் சுற்றில், 72ஆவது ஆளாக எடுத்தது. 2020இல் கிழக்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டத்தில், முழங்கால் அடிபட்டு உள்ளே போனவன் திரும்பி வந்து ஓவர்டைமில் கோல் போட்டு அணியை ஸ்டான்லி கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனான்.

இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. முந்நூறு பெயரில் ஒரு பெயராகக்கூட அவனை எழுதாத அதே ஸ்கவுட்டுகள், அணிகளுக்காகத் திறமை தேடுகிறவர்கள், வேலை தெரியாதவர்கள் இல்லை. வாரத்தில் நான்கு, ஐந்து அரீனா என்று குளிரில் நின்று பார்க்கிறவர்கள்தான். 15 வயதுப் பிள்ளை 20 வயதில் எப்படி இருப்பான் என்று சொல்வது அவ்வளவு கஷ்டம்.

டாம்பா பே இந்தக் கஷ்டத்தை எப்படிச் சமாளித்தது? 2010இல் ஸ்டீவ் ஐசர்மன் அங்கே பொது மேலாளராக வந்தார். அதே வருடம் அல் மரே என்பவர் இளைஞர்களைத் தேடும் ஸ்கவுட்டுகளுக்குத் தலைவராக வந்தார். இவர்கள் முதலில் பார்த்தது பிள்ளைக்கு ஆட்டம் புரிகிறதா, கையில் திறமை இருக்கிறதா, பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான அந்த வட்டை, இழந்தால் விடாமல் துரத்துகிறானா என்பதை. உயரத்தையும் உடம்பையும் அதற்குப் பிறகுதான் வைத்தார்கள். ஓட்டம் கொஞ்சம் சரியில்லை என்றாலும் அதைத் திருத்தலாம் என்று நம்பினார்கள். நம்பினால் போதுமா? திருத்துவதற்கு ஆளையும் வைத்தார்கள். 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியனான பார்பரா அண்டர்ஹில், நம் ஒன்ராறியோக்காரர், அந்த அணியின் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார்.

பிரேடன் பாயின்டின் கதையை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 2014 டிராஃப்டில் அவனைப் பற்றி எல்லோரும் சொன்னது, ஆள் சின்னன், ஓட்டம் போதாது என்பதுதான். டாம்பா பேயின் முறை 80ஆவது. அதற்கு முன் வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, ஒரே ஒரு இடம் முன்னால் போவதற்காக மினசோட்டா அணிக்கு ஏழாம் சுற்றுத் தெரிவு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து 79ஆவதாக எடுத்தார்கள். பிறகு அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு வருடம் மூஸ் ஜா அணியில் ஜூனியர் ஹொக்கி விளையாட விட்டார்கள். அண்டர்ஹில்லிடம் ஸ்கேட்டிங்கை அடியிலிருந்து திருத்திக்கொண்டான். 2016 அக்டோபரில்தான் என்.எச்.எல்.லுக்கு வந்தான். கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளில், 2020 பிளேஆஃப்பில் 14 கோல், 2021 பிளேஆஃப்பில் மறுபடியும் 14 கோல். 2022-23 பருவத்தில் 51 கோல்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வருடம் பாயின்டுக்கு முன்னால் டாம்பா பே வேறு மூன்று பேரை எடுத்திருந்தது. அவன் 51 கோல் போடுவான் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தால் 79 வரைக்கும் காத்திருப்பார்களா? அவர்களும் ஊகித்தவர்கள்தான். மற்ற அணிகளை விடக் கொஞ்சம் நன்றாக ஊகித்தார்கள், அதை விட நன்றாக வளர்த்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்ட்ரெஜ் பலாத் என்று ஒரு செக் பையன். 18 வயதில் யாரும் எடுக்கவில்லை, 19 வயதில் யாரும் எடுக்கவில்லை. 20 வயதில், 2011இல், கடைசிச் சுற்றில் 208ஆவதாக டாம்பா பே எடுத்தது. அதே வருடம் அவர்கள் 58ஆவதாக எடுத்தது நிகிதா குச்செரோவை. டைலர் ஜான்சன் 5 அடி 8 அங்குலம், அவனை டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவே இல்லை, பிறகு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஜான்சனும் பலாத்தும் முதலில் கீழ்ப் பிரிவு லீக்கில் விளையாடிப் பழகினார்கள். அங்கே அவர்களுக்குக் கோச் ஜான் கூப்பர், ஒரு காலத்தில் வக்கீலாக இருந்தவர். பிறகு டாம்பா பேக்கும் அவர்தான் கோச். 2015இல் ஸ்டான்லி கோப்பை இறுதிக்கு அணி போனபோது இந்த மூன்று பேரும் ஒரே லைனில் விளையாடினார்கள். குச்செரோவ் 2019இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. அதே அணியின் தூண்கள் என்று பார்த்தால், பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2008இல் முதலாவதாகத் தெரிவானவர், விக்டர் ஹெட்மன் 2009இல் இரண்டாவது, கோல்காப்பாளர் வாசிலெவ்ஸ்கி 2012இல் 19ஆவது. முன்னால் எடுக்கப்படும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். பின்னால் எடுக்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் என்.எச்.எல். பக்கமே வருவதில்லை. சிரெல்லியின் கதை நடந்த கதை, ஆனால் அடிக்கடி நடக்கிற கதை இல்லை. உங்கள் மகனுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். முடிந்துவிட்டது என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு விஷயம், நவம்பர். கனடாவில் ஹொக்கிக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் நவம்பரில் பிறந்த உங்கள் மகனும் ஒரே வயதுப் பிரிவு. பத்து மாத வித்தியாசம் 15 வயதில் சின்ன விஷயமா? ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. வருடத்தின் பிற்பகுதியில் பிறந்தவர்களை என்.எச்.எல். அணிகளே அவர்கள் தகுதிக்குக் கீழே வைத்து எடுத்து வந்திருக்கின்றன என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பெரிய அணிகளே பிழை விடுகிற இடம் இது. குடும்பத்தில் ஆண்கள் எந்த வயதில் வளர்ந்தார்கள் என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். 17இல் வளர்ந்த மாமா ஒருவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் அவனுடைய கோச்சைச் சந்தியுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். 'பக் கையில் இல்லாதபோது இவன் என்ன செய்கிறான்?', 'முதல் மூன்று அடியில் எங்கே பிந்துகிறான்?' என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் நல்ல கோச் பேப்பரை எடுத்து வரைந்து காட்டுவார். எங்கள் பையனுக்கு அவனுடைய கோச் சொன்னது ஒரே விஷயம், திரும்பும்போது நிமிர்ந்துவிடுகிறாய் என்று. முழங்காலை மடக்கியபடி திரும்பப் பழக அவனுக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. ஒரே இடத்தில் போத்தல்களை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி, சட்டை நனையும் வரை.

காசு செலவழிப்பதென்றால் அப்படிப்பட்ட ஸ்கேட்டிங் பயிற்சிக்குச் செலவழியுங்கள். 'உங்கள் மகனின் வீடியோவை அணிகளுக்கு அனுப்புகிறேன், எனக்கு ஆட்களைத் தெரியும்' என்று இந்த நேரத்தில் சிலர் தேடி வருவார்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். கண்ணீரோடு இருந்த வீடு, கேட்ட காசைக் கொடுத்தோம். ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. அந்தக் காசுக்காக என் அண்ணா எத்தனை இரவு கூடுதலாக வேலை செய்தார் என்பது இன்றும் என் மனதில் இருக்கிறது. தயவு செய்து யாரிடமும் ஏமாறாதீர்கள்.

வழிகள் இன்னும் இருக்கின்றன. விடுபட்ட பிள்ளைகளுக்கென்று 18 வயதுக்குட்பட்டோருக்கான தனி டிராஃப்ட் ஒன்றை இப்போது ஓ.எச்.எல். நடத்துகிறது. சிரெல்லி காலத்தில் அது இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் பிள்ளைகள் ஹொக்கியின் மேல்மட்டமான ஏ.ஏ.ஏ. அணியிலோ ஓ.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ அணியிலோ இடம் கிடைக்குமா என்று பாருங்கள். முகாம்களுக்கு அழைப்பு வந்தால் போகட்டும்.

அப்புறம் படிப்பு. உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். முன்பெல்லாம் ஓ.எச்.எல்.லில் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு அடைபட்டுவிடும், ஒன்றா மற்றதா என்று 16 வயதிலேயே தீர்மானிக்க வேண்டும். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்டிலிருந்து புது விதி. இப்போது ஓ.எச்.எல்.லில் விளையாடிவிட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போய் விளையாடலாம். மார்ட்டின் சென் லூயி என்ற 5 அடி 8 அங்குலக்காரரை எந்த டிராஃப்டிலும் எடுக்கவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் படித்து விளையாடியவர், பிறகு இதே டாம்பா பேயில் 2004இலும் 2013இலும் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அதனால் பள்ளிக்கூட மதிப்பெண் விழுந்துவிடாமல் பார்ப்பது ஹொக்கிக்கும் தேவையான வேலைதான்.

நிறுத்துவதா, விடுவதா என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்கக் கூடாது. அவன் சொல்லட்டும். ஆனால் இந்த வாரம் கேட்காதீர்கள், ஒரு மாதம் போகட்டும். கேட்கும்போது கணவரும் வீட்டில் இருக்க வேண்டும், அவர் இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். எவ்வளவு காசு இருக்கிறது, இன்னும் ஒரு வருடத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை மகனிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். 15 வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். ஒரு வருடம் என்று பேசிக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் மறுபடியும் மூன்று பேரும் இருந்து கதையுங்கள். போதும் என்று அவன் சொன்னால் அதையும் மரியாதையோடு கேளுங்கள். 'இவ்வளவு காசு போட்டோமே' என்ற வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது. அந்தச் சுமையை அவன் ஏற்கனவே தூக்கிக்கொண்டுதான் திரிகிறான், அதனால்தான் உங்களோடு கதைக்கிறான் இல்லை.

இன்றைக்கு ஒரு சின்ன வேலை. கராஜில் கிடக்கும் பையைத் திறந்து ஸ்கேட்டை வெளியே எடுங்கள். ஈரத்தோடு கிடந்தால் பிளேடு துருப்பிடித்துவிடும். துணியால் நன்றாகத் துடைத்து, கையுறைகளையும் காயப்போட்டு, அவன் அறைக்குள் கொண்டுபோகாமல் கராஜிலேயே ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.