'காலத்து' என்று எப்போது போடலாம்?

கேள்வி: எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிவன் கோயில் குடமுழுக்கு மலர் அச்சுக்குப் போகிறது. முன்மண்டபத்தில் யாளித் தூண்கள் இருக்கின்றன. 'சங்ககாலக் கோயில்' என்று போடச் சொல்கிறார் பெரியப்பா. 'நாயக்கர் காலத்து மண்டபம்' என்கிறார் ஸ்தபதி. எது சரி?

பதில்: 'சங்ககால' வேண்டாம். அந்தக் காலக் கோயில்கள் மரமும் செங்கல்லும் மண்ணுமாக எழுந்தவை. அந்தக் காலத்துக் கல்மண்டபம் எதுவும் இன்று நிற்கவில்லை. கழுகுமலை வெட்டுவான் கோயிலே 8ஆம் நூற்றாண்டுதான். பெரியப்பா சொல்ல வருவது 'ரொம்பப் பழசு' என்பது. பேச்சில் அது இயல்பு. திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தை 'வெள்ளைக்காரன் காலத்துப் பாலம்' என்கிறோமே, அப்போது 1843 என்ற ஆண்டையா நினைக்கிறோம்? அதன் உறுதியைத்தான். 'கற்கால மனுஷன்' என்று திட்டுவதும் இப்படித்தான். ஆனால் மலரில் அச்சாகிவிட்டால் அடுத்த தலைமுறை அதை வரலாறாகவே படிக்கும்.

ஸ்தபதி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் யாளித் தூண் மட்டும் சாட்சி ஆகாது. நாயக்கர் காலத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலில் பார்க்கிற அந்த வேலைப்பாட்டைப் பின்னால் வந்தவர்களும் செய்திருக்கிறார்கள். 'காலத்து' என்றால் கட்டிய ஆண்டைச் சொல்கிறீர்கள்; 'பாணி' என்றால் வேலைப்பாட்டை மட்டும். நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தை 'நாயக்கர் காலத்து' என்று தைரியமாகச் சொல்லலாம். அது 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது.

'பாண்டியர் காலத்து' என்று பொதுவாகப் போடுவதும் உதவாது. சங்ககாலக் கொற்கைப் பாண்டியரும் பாண்டியர்தான், 1446இல் தென்காசிக் கோயிலைத் தொடங்கிய பராக்கிரமரும் பாண்டியர்தான். நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. போதாததற்கு, தென்காசிப் பாண்டியர் இங்கே இருந்தபோதே மதுரையில் நாயக்கர் ஆட்சியும் வந்துவிட்டது.

சரி, ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? அதிட்டானத்திலும் (கோயிலின் கல் அடித்தளம்) தூண்களிலும் கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் கேரளத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு அதிகம் வரும். ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 824 அல்லது 825 கூட்டுங்கள்: கொல்லம் 900 என்றால் 1724-25. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 'நாயக்கர் பாணித் தூண்கள் கொண்ட பழைய முன்மண்டபம்' என்று போடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒன்று. திருப்பணியில் மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ய தயவுசெய்து விடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே எல்லாத் தூண்களையும் படம் எடுத்து வையுங்கள்.