நாவலைப் படித்தவன் படம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாலே நண்பர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது?

எந்தப் படத்துக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ ஆகத்தான் இருக்கும். அவர்களுக்கு எரிச்சல் நாவல் மேலே இல்லை, உங்கள் மேலேதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டவன் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 30, முதல் பாகம் வந்த அன்றைக்கே இரவுக் காட்சி. கோவில்பட்டியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், திருநெல்வேலியில் கூடினோம். நாவலைப் படித்தவன் நான் ஒருத்தன்தான். ஐந்து பாகமும், இரண்டு தடவை. (இதை இங்கே சொல்வதே பீற்றல்தான், தெரிகிறது.)

படம் போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டேன். நாவல் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும். வந்தியத்தேவன் குதிரையில் வருவான், கரையெல்லாம் ஜனங்கள் கமுகு மட்டையில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். படத்திலோ எடுத்த எடுப்பில் ராஷ்டிரகூடர்களோடு போர். “கதை இங்க ஆரம்பிக்காது” என்று பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அத்தோடு விட்டிருக்கலாம். கடம்பூர் மாளிகையில் பல்லக்கு வந்ததும், “உள்ள நந்தினி இல்ல, மதுராந்தகன்” என்றேன். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

படம் விட்டதும் டீக்கடை. அங்கேயும் முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன். எதை விட்டார்கள், எதைச் சுருக்கினார்கள், பூங்குழலிக்கு நாவலில் எவ்வளவு இடம் இருக்கிறது, எல்லாம். ஒருத்தன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏல, பேசாம நீயே வாசிச்சுக் காட்டியிருந்தா டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்கும்” என்றான். அதுவரை வாயே திறக்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்த இன்னொருத்தன் மெதுவாகக் கேட்டான்: “இதுவும் வேற பதிப்பா மாப்ள?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

2019 அக்டோபரில் ‘அசுரன்’ வந்தது. அது பூமணியின் ‘வெக்கை’ என்ற நாவலிலிருந்து எடுத்தது என்பதே இடைவேளையில் ஃபோனைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆனால் வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “படம் பரவாயில்ல. நாவல்ல அந்தப் பஞ்சமி நிலப் போராட்டம் இன்னும் ஆழமா வரும்” என்று அடித்துவிட்டேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தானே, அந்த நண்பன் (இனி டீக்காரன் என்றே சொல்கிறேன்) அன்றைக்கும் கூட இருந்தான். “எந்தப் பக்கத்துல வரும்?” என்றான். பூமணி எங்கள் பக்கத்துக்காரர், அவனுடைய அப்பா அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்திருக்கிறது. பத்தாவது லீவிலேயே படித்துவிட்டான். பஞ்சமி நிலம், அதாவது தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம், அந்தப் பேச்சே நாவலில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒத்துக்கொள்ளவில்லை. “நான் படிச்சது வேற பதிப்பு” என்றேன்.

அன்றிலிருந்து வாட்ஸாப் குரூப்பில் என் பெயர் ‘வேற பதிப்பு’.

வெட்கத்தில் அடுத்த வாரமே ‘வெக்கை’யை வாங்கிப் படித்தேன். 1982இல் வந்த நாவல். பதினைந்து வயசுப் பையன், அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் எடுத்துவிடலாம் என்று போகிறான், ஆள் செத்துப்போகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் கதை. பசி, தூக்கம், சோறு, பேச்சு. கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான். படத்தில் நம்மைக் கைதட்ட வைக்கிற இடம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்த அய்யா தன் மகனைத் திட்டாமல் கூட்டிக்கொண்டு போகிற விதம் இருக்கிறதே, எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. இதை மட்டும் அன்றைக்கு டீக்கடையில் சொல்லியிருந்தால் யாரும் எரிச்சல்பட்டிருக்க மாட்டார்கள். படித்திருந்தால்தானே சொல்ல!

உடனே சிலர் வருவார்கள், “அப்போ நாவலோட ஒப்பிடவே கூடாதா?” என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. தாராளமாக ஒப்பிடுங்கள். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979இல் வந்தது, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வைத்து எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறார் என்று தெரியும். எனக்குப் படம்தான் ஒரு படி மேல். புதுமைப்பித்தன் ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம், இது என் சொந்தக் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். படம் பார்த்துவிட்டு நாவல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து காசு கொடுத்து வாங்குங்கள். கல்கியின் எழுத்து அரசுடமை ஆகிவிட்டது, யார் யாரோ பதிப்பிக்கிறார்கள், புத்தகக் கண்காட்சியில் மலிவாகவே கிடைக்கிறது. எங்கள் அம்மாச்சி 1950களில் கல்கி இதழிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்த ஐந்து வால்யூம் என்னிடம் இருந்தது. ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையோடு. ‘ஏல’ என்று கேட்டானே, அவன்தான் “படம் பாத்ததுல ஆசை வந்துட்டு மாப்ள” என்று வாங்கிக்கொண்டு போனான். ஐந்து மாதம் கழித்து நாலு வந்தது. அதில் ஒன்றில் பெரிய பழுவேட்டரையர் மீசைக்கு யாரோ பச்சை ஸ்கெட்ச் பேனா போட்டிருக்கிறார்கள். அவன் அக்கா பையனாம். இரண்டாம் பாகம், ‘சுழற்காற்று’, எங்கே என்று கேட்டால் “வீட்லதான் இருக்கு, தேடணும்” என்கிறான். அம்மாச்சி இருந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் படத்தின் இரண்டாம் பாகம். அதே ஐந்து பேர். நான் வாயில் பாப்கார்னை அடைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனானே, அவன் பக்கத்தில் நெளிய ஆரம்பித்தான். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து நின்று, “மணிமேகலை எங்கல? கந்தமாறன் தங்கச்சி! அவ இல்லாம இது என்ன கதை?” என்று சத்தம் போட்டான். அந்தக் கதாபாத்திரத்தையே படத்தில் விட்டுவிட்டார்கள், உண்மைதான். நாவலின் முடிவே அவள் மடிந்துபோகிற இடம்தான். டீக்கடை வரைக்கும் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான், நாங்கள் நாலு பேரும் பின்னால் நடந்தோம்.

டீக்காரன் என் தோளில் கையைப் போட்டு, “உனக்கு ஒரு தம்பி பொறந்துட்டான்” என்றான். குரூப்பில் இப்போது ‘வேற பதிப்பு 1’, ‘வேற பதிப்பு 2’ என்று இரண்டு பேர் இருக்கிறோம். சுழற்காற்று இன்னும் வரவில்லை.